பெயருக்கு நேரே சைபர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். காசிலிங்கம் என்கிற நான். என் தம்பி இராமதாஸ். அவன் மனைவி ஜெயம். அவர்களுடைய ஒரே மகள் சந்திரகலா. காலஞ்சென்ற என் தங்கை தில்லையம்மாளின் கணவர் முருகையன். அவர் மகன் வடிவேல். முருகையனின் அக்காள் பூவாயி. எட்டாவது ஆள், அழைக்காமல் உள்ளே வந்த பக்கத்து வீட்டுப் பக்கிரி. இன்று முதலியார்பேட்டையில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால்தான் பெயர்களை முதலில் எழுதிவிட்டேன்.

1982, தை மாதம். சந்திரகலாவை அவள் அத்தை மகன் வடிவேலுக்கு நிச்சயம் செய்யத் தட்டு மாற்ற உட்கார்ந்திருந்தோம். சொந்த அத்தை மகன் என்றாலும் இந்தச் சம்பந்தம் சுலபமாக அமையவில்லை. தில்லையம்மாள் 1979 ஆகஸ்டில் மஞ்சள் காமாலையில் இறந்தபோது இராமதாஸ் வரவில்லை. எங்கள் அம்மா இறக்கும்போது அவனுக்கு இரண்டு வயது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் தில்லையம்மாள். கடைசி இரண்டு நாளும் அவள் வாயில் அவன் பெயர்தான் இருந்தது. முருகையன் மீன்காரர்களிடம் ஐஸ் கட்டி வாங்கி, பிணத்தை மறுநாள் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான் மட்டும் கொண்டுபோய்ப் போர்த்தினேன். மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த பிறகுதான் இராமதாஸ் வந்து சேர்ந்தான். முருகையன் அவனோடு பேசவில்லை. இரண்டரை ஆண்டுகள் பேசவில்லை.

நான்தான் நடந்தேன். தட்டாஞ்சாவடியில் முருகையன் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு நான்கு முறை போனேன். ஐந்தாம் முறை அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவன் ஏன் வரல மச்சான்?"

"சர்க்கார் வேலையா மாஹேக்குப் போயிருந்தான். வர்றதுக்கு உத்தரவு கிடைக்கல. இது என் வார்த்தை, மாப்ள."

"உங்க வார்த்தைன்னா சரி," என்றார்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்கிற நகரசபை அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட என் தகப்பனாரை ஆள் விட்டு அழைப்பார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் மில்லில் நெசவுப் பிரிவு மேஸ்திரியாக இருந்த நான் ஒரு நாள்கூட மற்றவன் கணக்கில் என் பெயரையோ, என் கணக்கில் மற்றவன் பெயரையோ எழுதியவன் இல்லை. எங்கள் வீட்டு வார்த்தை என்றால் ஊரில் அதற்கு ஒரு இடம் இருந்தது. அதை வைத்துத்தான் அந்தச் சம்பந்தம் வந்தது.

தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், அரக்குச் சேலை எல்லாம் அடுக்கியாகிவிட்டது. ஜெயம் குங்குமச் சிமிழைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கிரி ஒரு வாரப் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். பக்கிரி மில் சங்கத்துக்காரன். மெதுவாகப் பேச அவனுக்கு வராது.

"தட்டு மாத்தறதுக்கு முன்னால மாலையப் போடுங்கப்பா! பொண்ணுக்கு இல்ல, பொண்ணோட அப்பாவுக்கு!"

"இன்னா பக்கிரி, காலையிலேயேவா?" என்றாள் பூவாயி.

"தொட்டுக்கூடப் பாக்கலக்கா. இதப் படிங்க. சட்டசபையில ஒருத்தர் கேள்வி கேட்டாரு பாருங்க, எந்த ஆபீஸ்காரன் எவ்ளோ பயணப்படி வாங்கினான்னு. மூணு வருஷத்துக் கணக்கு, பேரு பேரா மேசையில வச்சுட்டாங்க. இவங்க அதை அப்படியே அச்சடிச்சுட்டாங்க. தெருவே படிக்குது. காரைக்காலுக்கு மாசம் ஆறு தடவ போனவன் இருக்கான். ஏனாமுக்கு ஒரே நாள்ல போயிட்டு வந்தவன் இருக்கான், பறந்து போனானோ என்னவோ! பியூன்கூட நானூத்திச் சொச்சம். நம்ம இராமதாஸு? பேருக்கு நேரா சைபர். மூணு வருஷமும் சைபர். சர்க்கார் காசுல ஒரு டீ குடிக்கலய்யா இந்த மனுஷன்!"

எனக்கு மார்பு விம்மியது. மறைக்க விரும்பவில்லை. அது என் சைபர்.

அதைச் சொல்ல வேண்டும். இராமதாஸ் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடும் அலுவலகத்தில் உதவியாளன். ஆய்வாளரோடு காரைக்கால், மாஹே, ஏனாம் என்று மூன்று ஊர்களுக்கும் எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அவன் வேலை. 1971-இல் எங்கள் தெருக் காத்தவராயன், வேறொரு அலுவலகத்துக் குமாஸ்தா, போகாத ஊருக்குப் படி எழுதி வாங்கினான் என்று போலீஸார் வந்து அழைத்துப் போனார்கள். அவன் தகப்பனார் அதன் பிறகு கோயிலுக்குக்கூட வரவில்லை. அன்று இராமதாஸை எங்கள் தகப்பனாரின் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். "உனக்குச் சம்பளம் தர்றாங்க. அது போதும். படின்னு ஒரு காகிதத்துல உன் பேரு வரக் கூடாது. முன்பணமும் கூடாது. வெளியூர்ல எவன்கிட்டயும் கை நீட்டக் கூடாது," என்றேன். அவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். மில்லுக்கு நான் நடந்த தூரத்துக்கு யாரும் எனக்குக் கூலி தந்ததில்லை. போகிற ஊருக்கெல்லாம் படி என்பது எனக்கு இனாமாகத்தான் தெரிந்தது. எங்களுடையது ஒரே குடும்பம். அவன் சம்பளம் என் கைக்கு வரும். முகாம் செலவுக்கு நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

முருகையன் பத்திரிகையை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, வரி வரியாகக் கீழே வந்தார். விரல் நின்றது. அங்கேயே நின்றது.

"பக்கிரி, எந்த வருஷத்துலேருந்து இது?"

"எழுவத்தெட்டுலேருந்து மாமா."

"எழுவத்தொம்பது இதுல இருக்கா?"

"இருக்கே. அதுவும் சைபர்தான்!" பக்கிரி சிரித்தான். அவனோடு யாரும் சிரிக்கவில்லை.

முருகையன் என்னைப் பார்த்தார். "மூணு வருஷமா ஒரு ஊருக்கும் போகலன்னு சர்க்காரே சொல்லுது மச்சான். அப்ப தில்லை செத்தன்னிக்கு உங்க தம்பி எந்த மாஹேல இருந்தான்?"

நான் நிதானமாகவே சொன்னேன். காத்தவராயன் கதையைச் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன். போகாததால் வந்த சைபர் இல்லை, கேட்காததால் வந்த சைபர் என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது பூவாயி முழங்காலில் தட்டிச் சிரித்தாள்.

"சொந்தக் காசப் போட்டுச் சர்க்காருக்குப் பெட்டி தூக்கினானாம். ஏண்டா வடிவேலு, நீ வேல செய்யற பட்டறைக்குக் கரண்டு பில்லு கட்டுவியா?"

"அத்தை, சும்மா இருங்க," என்றான் வடிவேல்.

இராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "அண்ணா, விடு," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நீ பேசாத," என்றேன். முருகையனிடம், "உங்களுக்கு அத்தாட்சி வேணும். அவ்வளவுதானே?" என்றேன்.

"ஆமா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. கொண்டாந்தா அன்னிக்கே மாத்திக்கலாம். இல்லன்னா வேணாம் மச்சான். அக்கா மூஞ்சியப் பாக்க வராம பொய் சொன்னவன் வூட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்."

அவர்கள் கொண்டுவந்த தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துப் போனார்கள். சந்திரகலா எங்கள் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. அவளும் வடிவேலும் சிறு பிள்ளையிலிருந்து ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இராமதாஸின் அலுவலகத்துக்குப் போனேன். அவன் அன்று வில்லியனூர்ச் சந்தைக்குப் போயிருந்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆய்வாளர் கோவிந்தசாமி ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"1979 ஆகஸ்ட் இருபத்தேழு, இருபத்தெட்டு. இந்த ரெண்டு நாளும் என் தம்பி மாஹேல இருந்தான்னு ஒரு காகிதம் வேணும் ஐயா," என்றேன்.

அவர் முகாம் பதிவேட்டை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். "அதுக்குப் பதிவேடு வேணாம் பெரியவரே. இருந்தாரு. ஸ்டேஷன் பெஞ்சுல இருந்தாரு."

"ஸ்டேஷன்லயா?"

"உங்களுக்குச் சொல்லலையா அவரு?"

அவர் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"அக்காவுக்கு முடியலன்னு சனிக்கிழமையே சொன்னாரு. நான் அப்பவே லீவுல கையெழுத்துப் போட்டுக் கையில குடுத்துட்டேன். எப்ப வேணும்னாலும் கிளம்புன்னேன். ஞாயித்துக்கிழமை நான் கோழிக்கோட்டுல எம் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டேன். செவ்வாக்கிழமை மத்தியானம் திரும்பி ரயில விட்டு எறங்கறேன், இவரு பெஞ்சுல உக்காந்திருக்காரு. ஒரு கையில தந்தி. ஒரு கையில நான் போட்டுக் குடுத்த லீவு. ஒரு நாள் முழுக்க அங்கியே உக்காந்திருக்காரு."

"ஏன்?"

"பையில நாலு ரூபா இருந்துச்சு. முகாம்ல இருந்தா சம்பளம் ஒண்ணாந் தேதி என் மூலமாத்தான் வரும். டிக்கெட்டுக்கு வழி இல்ல. நான் வந்துதான் டிக்கெட் எடுத்து ஏத்திவிட்டேன்."

"யாருகிட்டயாவது..."

"யாருகிட்ட கேப்பாரு? அந்த ஊர்ல அவருக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் கடைக்காரங்க. காலையில அவங்க தராசப் புடிச்சு, கல்லு கொறையுதுன்னு எழுதிட்டு வந்தவரு. சாயங்காலம் அவங்ககிட்ட முப்பது ரூபா வாங்கினா அதுக்கு இன்னா பேரு?"

"டிக்கெட் இல்லாம ஏறியிருக்கலாமே," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

கோவிந்தசாமி சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "உங்க தம்பியா?"

பிறகு சொன்னார்: "முன்பணம் வாங்கிக்கோய்யான்னு ஒவ்வொரு தடவையும் காகிதத்த நீட்டுவேன். எங்க வூட்டுல கூடாதுங்கன்னுவாரு. நானும் ஏதோ மத விஷயம்னு விட்டுட்டேன்."

அவர் கடிதம் எழுதினார். இராமதாஸ் அந்த இரு நாளும் மாஹே முகாமில் இருந்தார், 25-ஆம் தேதியே அவருக்கு விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது என்று இரண்டு வரி. இரண்டாவது வரியை விட்டுவிடும்படி கேட்டேன். "நடந்தத எழுதறேன் பெரியவரே. மிச்சத்த நீங்க சொல்லிடுங்க. வேணும்னா நானே வந்து சொல்றேன்," என்றார். வேண்டாம் என்றேன்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்த முகாமுக்கு அவன் கிளம்பிய காலையில், போவதற்கு ரயில் கட்டணமும் பத்து நாள் சாப்பாட்டுச் செலவும் எண்ணிக் கொடுத்தவன் நான். திரும்புவதற்குச் சம்பளம் வந்துவிடும் என்றும் நானே சொன்னேன். தில்லையம்மாள் இறந்த காலையில் தந்தி அடித்தவனும் நான்தான். அவனிடம் காசு இருக்குமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு இரண்டரை வருஷத்திலும் ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

இராமதாஸ் சந்தையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் கடிதத்தைப் பார்த்தான். கேட்கவில்லை, புரிந்துகொண்டான்.

"சொன்னா இன்னா அண்ணா ஆவும்? அக்கா வந்துடுமா?"

"எனக்கு ஒரு தந்தி குடுத்திருந்தா..."

"குடுத்து? நீ மணியார்டர் அனுப்பி, அது மாஹேக்கு வந்து சேந்து..." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வெகு நேரம் துடைத்தான். "மூணாம் நாள் வந்து நின்னப்ப வந்தவங்ககிட்ட எல்லாம் நீயே சொல்லிட்டிருந்த, உத்தரவு கிடைக்கலன்னு. ஊரு முன்னால உன்ன நான் பொய்யாக்கறதா?"

உள்ளே ஜெயம் அழுவது கேட்டது. சந்திரகலா கதவோரம் வந்து நின்றாள்.

"பெரியப்பா, இதத்தானே மாமா கேக்கறாரு? சொல்லிட்டாப் போச்சு. நானே போய்ச் சொல்றேன்."

"பொண்ணு தன் கல்யாணத்துக்குத் தானே போய்ப் பேசற வழக்கம் இந்த வூட்டுல இல்ல."

"நீ போ அண்ணா," என்றான் இராமதாஸ். "நான் சொன்னா சால்ஜாப்புன்னுவாரு. நீ சொன்னா நம்புவாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். முருகையன், வடிவேல், பூவாயி மூவரும் இருந்தார்கள். தட்டு துணி மூடியபடி பெஞ்சின் மேல் இருந்தது. வடிவேல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

முருகையன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முதல் வரியைப் படித்ததும் அவர் முகம் இளகியது. "மாஹேலதான் இருந்திருக்கான்," என்றார் மகனிடம். பிறகு இரண்டாவது வரிக்கு வந்தார்.

"லீவு குடுத்திருக்காங்களே மச்சான். சனிக்கிழமையே குடுத்திருக்காங்க."

"ஆமா."

"உத்தரவு கிடைக்கலன்னீங்க."

"எனக்கு அப்படித்தான் தெரியும்."

"சரி. அது போவட்டும். லீவு கையில வச்சுக்கிட்டு ஏன் வரல?"

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அவனிடம் காசு இல்லை. அதற்கு அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: இரண்டு பேர் சம்பாதித்த வீட்டில் ஏன் இல்லை? அதற்கு என் பதிலும் தெரியும். பூவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை பிணத்தை ஐஸில் போட்டுவிட்டு, தம்பியை ரயில் கட்டணம் இல்லாமல் உட்கார வைத்தவன் காசிலிங்கம் மேஸ்திரி என்று அடுத்த நாள் மீன் கடையில் அவள் சொல்வது என் காதில் அப்போதே கேட்டது.

"அது எங்க வூட்டு விஷயம், மாப்ள," என்றேன்.

"அவ எங்க வூடு மச்சான். அவ என் பொண்டாட்டி. கதவப் பாத்துக்கிட்டே செத்தா." அவர் குரல் உயரவில்லை. "இன்னொரு தடவ கேக்கறேன். ஏன் வரல?"

நான் எழுந்து நின்றேன். மூன்றாம் முறையும் கேட்டார். நான் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டேன்.

"லீவு வாங்கினு ஊருக்கு வராதவன் எங்க தங்கினான், யாரோட தங்கினான்னு கேளுடா," என்றாள் பூவாயி.

அதையும் நான் மறுக்கவில்லை. மறுத்தால் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முருகையன் தட்டிலிருந்த துணியை எடுத்தார். சேலையை மடித்துத் தனியே வைத்தார். தேங்காயை எடுத்துப் பூவாயியிடம் கொடுத்து, "குழம்புக்கு ஆவும், எடுத்துக்கோ," என்றார்.

வடிவேல் பஸ் நிறுத்தம் வரை என் பின்னால் வந்தான். "மாமா, எங்கிட்டயாவது சொல்லுங்க. நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

வடிவேலுக்கு அந்த ஆனியில் திருபுவனைப் பக்கம் பெண் எடுத்தார்கள். இராமதாஸ் காரைக்காலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். புறப்படும் முன் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான். குடும்பத்தோடும் சாமான்களோடும் இடம் மாறுவதற்கான பயணப்படி விண்ணப்பம். "இதுல கையெழுத்துப் போடப் போறேன் அண்ணா. கேக்கறதுக்கு வரல. சொல்றதுக்கு வந்தேன்," என்றான். என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டான். லாரியில் சாமான் ஏற்றி மூவரும் போய்விட்டார்கள். அது முதல் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

சந்திரகலா அங்கே ஒரு பால்வாடியில் வேலை செய்கிறாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரும் பூர்வீகத்தை விசாரிக்க முதலியார்பேட்டைக்கு வந்து, தெருவில் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் படி ஏறாமலே திரும்பிப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் போனது சென்ற மாதம். பக்கிரி வந்து, தெருவில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதை எனக்குச் சொன்னான். முதல் முறையாக அவன் மெதுவாகப் பேசினான். முருகையனும் இப்போது இல்லை, சென்ற ஆண்டு போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டிய ஆளிடம் இனிச் சொல்ல முடியாது. அதனால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் தம்பி இராமதாஸுக்கு மாஹேயில் ஒரு பெண் இருந்ததாகவும், அக்காள் இறந்த அன்று அவள் வீட்டில் இருந்ததாகவும், அந்தக் குடும்பத்துக்கு இன்றும் பணம் போவதாகவும் சொல்கிறார்கள். அப்படி ஒரு பெண் இல்லை. 1979 ஆகஸ்ட் 27 பகல் முதல் 28 மதியம் வரை அவன் மாஹே ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. முன்பணம் வாங்கக் கூடாது என்று சொன்னவன் நான்.